செடிக்குத் தாகம் எடுக்கும்போது தானே தண்ணீர் விடும் மண்பானை

மே மாதத்தில் நான்கு நாள் வெளியூர் போக வேண்டும் என்றால் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரே கவலைதான்: செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அவர்கள் ஒருநாள் மறந்தாலும் கத்தரியும் தக்காளியும் தலை தொங்கிவிடும். இதற்கு வழி என்று பலரும் காட்டுவது, பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு மண்ணில் தலைகீழாகக் குத்தி வைப்பதை. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி நேரம் அது மண்ணை நனைத்துவிட்டுச் சீக்கிரமே காலியாகிவிடும், மீதி நேரம் ஓட்டை அடைத்துக்கொண்டு ஒரு சொட்டுகூட இறங்காது. செடிக்கு இப்போது தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்பது அந்த பாட்டிலுக்குத் தெரிய வழியே இல்லை.

இதைவிடப் பல மடங்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது, ரொம்பப் பழையது, செலவும் குறைவு. மெருகு பூசாத ஒரு சாதாரண மண்பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, மூடி வைத்துவிடுவது. அவ்வளவுதான். பானையில் ஓட்டை எதுவும் போட வேண்டாம். தண்ணீர் சுவர் வழியாகவே கசிந்து வெளியே போகும், அதுவும் மண் காய்ந்திருந்தால் வேகமாகவும் ஈரமாக இருந்தால் மிக மெதுவாகவும் போகும். இந்த இரண்டாவது விஷயம்தான் அருமையானது. டைமர் இல்லை, மோட்டார் இல்லை, சென்சார் இல்லை, ஆனாலும் தேவைக்கேற்ப நடக்கிறது. எப்படி?

முதலில் பானையின் சுவரைப் பார்ப்போம். குயவர் வனைந்த பச்சைப் பானையை சூளையில் சுடும்போது களிமண் துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் மட்டும் ஒட்டிக்கொள்கின்றன. பீங்கானைப் போல இன்னும் அதிக வெப்பத்தில் சுட்டால் துகள்கள் உருகி இடைவெளியெல்லாம் அடைபட்டுவிடும். மண்பானை அந்த அளவுக்குப் போவதில்லை, அதனால் துகள்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகள் அப்படியே தங்கிவிடுகின்றன. களிமண்ணோடு உமியோ வேறு தாவரத் தூளோ கலந்திருந்தால் அது எரிந்துபோன இடமும் துளையாகிவிடும். இந்தத் துளைகளின் அகலம் சுமார் ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியே 50 மைக்ரானுக்கு மேல் தடிமன் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத, வளைந்து நெளிந்து போகும் இப்படிப்பட்ட கோடிக்கணக்கான பாதைகள்தான் பானையின் சுவர்.

இப்போது பாட்டில் மூடியின் ஓட்டையையும் இந்தத் துளையையும் ஒப்பிட்டால் விஷயம் பிடிபடும். மூடி ஓட்டை ஒரு மில்லிமீட்டர், பானைத் துளை ஒரு மைக்ரான், ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஒரு குழாயில் நீர் பாயும் அளவு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று இயற்பியல் சொல்கிறது, அதாவது நீளமும் அழுத்தமும் மாறாமல் ஆரம் மட்டும் ஆயிரத்தில் ஒரு பங்கானால் ஓட்டம் லட்சம் கோடியில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒரு துளை விடும் தண்ணீர் ஒன்றுமே இல்லை, அத்தனை கோடி துளைகளும் சேர்ந்தால்தான் பானை மெல்ல வியர்க்கிறது. தண்ணீர் கொட்டாமல் கசிவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நுண்புழை விசை. மெல்லிய குழாயில் தண்ணீர் தானாக ஏறுவதும், துணியின் ஒரு நுனியை நனைத்தால் ஈரம் மேலே பரவுவதும் இதனால்தான். துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு பலமாக அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கணக்குப் போட்டால், ஒரு மில்லிமீட்டர் ஓட்டையால் சுமார் 3 செ.மீ. உயரத் தண்ணீரைத்தான் தாங்க முடியும், ஒரு மைக்ரான் துளையோ கிட்டத்தட்ட 29 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஈடான விசையோடு பிடித்து நிற்கும். அதனால் பானைச் சுவர் நனைந்துவிட்டால் அதற்குள் இருக்கும் தண்ணீரை வெளியே எடுக்க ஏதாவது ஒன்று இழுத்தாக வேண்டும். அந்த இழுப்பைத் தருவது மண்.

மண்ணும் துகள்களும் இடைவெளிகளும் சேர்ந்ததுதானே. நன்றாகத் தண்ணீர் ஊற்றி, அதிகப்படியான நீர் வடிந்த பிறகு, மண்ணின் பெரிய இடைவெளிகளில் காற்றும் சிறியவற்றில் நீரும் இருக்கும். செடி வேரால் உறிஞ்ச உறிஞ்ச, பெரிய இடைவெளியில் இருக்கும் நீர் முதலில் தீர்ந்து, மேலும் மேலும் சின்ன இடைவெளிகளில் ஒட்டியிருக்கும் நீர் மட்டும் மிஞ்சும். சின்ன இடைவெளி என்றால் பலமான பிடி, பக்கத்தில் எங்கே நீர் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும் பசி. தோட்டத்து மண் நன்றாக ஈரமாக இருக்கும்போது இந்த உறிஞ்சு விசை ஒன்றிலிருந்து மூன்று மீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்குச் சமம். செடி வாடி இனி மீளாது என்ற நிலைக்கு மண் காயும்போது அது 150 மீட்டர் அளவுக்குப் போய்விடும். பானைக்குள் இருக்கும் தண்ணீரின் சொந்த அழுத்தம் எவ்வளவு? அதன் உயரம் 25 செ.மீ. என்றால் அதே 25 செ.மீ.தான். ஆக, தண்ணீர் எவ்வளவு வெளியே போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மண்தான், பானை இல்லை. அந்த மண்ணைக் காயவைப்பது செடி. உச்சிவெயிலில் இலைகள் வழியாக நீர் ஆவியாகி, வேர் அதிகமாக உறிஞ்சி, வேரைச் சுற்றியுள்ள மண் காயும்போது பானையிலிருந்து ஓட்டம் கூடும். மழை பெய்து மண் நனைந்தால் ஓட்டம் குறையும். முழுசாக நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. பானை நீரின் அந்தச் சின்ன அழுத்தம் எப்போதும் கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் செடிக்குக் கெடுதல் செய்யும் அளவுக்கு அது இருக்காது.

மண் இழுக்கிறது என்பதை நம்பக் கஷ்டமாக இருந்தால் ஒரு சோதனை இருக்கிறது. கூம்பு வடிவச் சின்னச் சுடுமண் குப்பி ஒன்றில் தண்ணீரை நிரப்பி, அதன் வாயை ரப்பர் மூடியால் காற்றுப் புகாமல் அடைத்து, மூடி வழியாகத் தண்ணீர் நிறைந்த ஒரு மெல்லிய டியூபைச் சொருகி, டியூபின் மறு நுனியைத் தொட்டிக்குக் கீழே தரையில் இருக்கும் வாளியில் போட்டுவிடுங்கள். கூம்பைத் தொட்டி மண்ணில் குத்தி வைத்தால், மண் காயக் காய வாளித் தண்ணீர் மேல்நோக்கி ஏறிச் செடிக்கு வரும். ஈர்ப்பு விசைக்கு எதிராக. அமெரிக்கத் தாவரவியலாளர் பர்ட்டன் லிவிங்ஸ்டன் 1908-லேயே மண் ஈரத்தைக் கட்டுக்குள் வைக்க நுண்துளைக் களிமண் கிண்ணங்களைப் பயன்படுத்தும் முறையை எழுதி வைத்தார். இன்றைக்கு வயல்களில் மண்ணின் உறிஞ்சு விசையை அளக்கும் டென்சியோமீட்டர் என்ற கருவியின் அடிமுனையிலும் இதே மாதிரி நுண்துளைச் சுடுமண் கிண்ணம்தான் இருக்கிறது.

பானையைப் புதைக்கும் வழக்கமோ இதற்கெல்லாம் வெகு காலம் முந்தையது. கி.மு. முதல் நூற்றாண்டில் சீனாவில் ஃபான் ஷெங்ஜி எழுதிய வேளாண் நூலில், குழியின் நடுவே மண்ஜாடியைப் புதைத்து, வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி வைத்து, சுற்றி நான்கு முலாம்பழ விதை ஊன்றி, ஜாடியை ஓட்டால் மூடி, நீர் குறையக் குறைய நிரப்பச் சொல்லியிருக்கிறார். இன்றும் இதில் மாற்ற ஒன்றும் இல்லை. நம் நாட்டில் 1970-களில் ஹரியானாவின் கர்னாலில் இருக்கும் மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தில் ஆர்.சி. மண்டல் என்ற விஞ்ஞானி பானைப் பாசனத்தை ஆராய்ந்து பார்த்தார்.

சரி, வீட்டில் செய்வது எப்படி? நான்கைந்து லிட்டர் பிடிக்கும், கழுத்து ஒடுங்கிய பானை நல்லது. வாங்கும்போது விரலால் தட்டிப் பாருங்கள், கணீரென்று ஒலித்தால் விரிசல் இல்லை, பொத்தென்று கேட்டால் வேண்டாம். பெயின்ட் அடித்ததும் பளபளப்பு பூசியதும் கூடவே கூடாது, துளைகள் அடைபட்டிருக்கும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் நிரப்பித் தரையில் வையுங்கள். சில மணி நேரத்தில் வெளிப்புறம் முழுக்க நிறம் கறுத்து, தொட்டால் குளிர்ச்சியாக, கையில் லேசாக ஈரம் ஒட்ட வேண்டும். ஒரே இடத்தில் சொட்டுச் சொட்டாக வழிந்தால் அது விரிசல். மறுநாள் வரை உலர்ந்தே இருந்தால் அந்தப் பானை குடிதண்ணீருக்கு வேண்டுமானால் ஆகும், இதற்கு ஆகாது.

பானை கிடைக்காவிட்டால் ஒரே அளவில் இரண்டு மண் பூந்தொட்டிகளை எடுத்து, வாயோடு வாய் வைத்து சிலிக்கான் பசையால் ஒட்டிவிடலாம். கீழே வரும் தொட்டியின் அடி ஓட்டையைச் சிமென்ட்டாலோ எம்-சீலாலோ அடைத்துவிட்டு, மேலே வரும் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நாள் நன்றாகக் காயவிட வேண்டும், அவசரப்பட்டுப் புதைத்தால் ஒட்டு விட்டுவிடும், பிறகு தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

புதைப்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. பானைச் சுவரும் மண்ணும் இடைவெளி இல்லாமல் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், நடுவே காற்று இருந்தால் அந்த இடத்தில் மண்ணால் இழுக்க முடியாது. குரோ பேக்கில் நாம் போடுவது பெரும்பாலும் தேங்காய் நார்க்கழிவு கலந்த பொலபொலவென்ற கலவை, அது சுவரோடு ஒட்டி நிற்பதில்லை. அதனால் கொஞ்சம் செம்மண்ணும் சலித்த மண்புழு உரமும் தண்ணீரில் குழைத்துச் சேறாக்கி, பானையின் வெளிப்புறம் முழுக்க விரல் தடிமனுக்கு அப்பிவிட்டு, அந்த ஈரத்தோடு குழியில் இறக்கி, சுற்றிலும் கலவையைப் போட்டுக் கையால் அழுத்துங்கள். அப்புறம் ஒருமுறை மேலே இருந்து தாராளமாகத் தண்ணீர் ஊற்றி முழு மண்ணையும் நனைத்துவிட வேண்டும். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஒரேயடியாகக் காய்ந்த மண்ணில் நீர்ப்படலங்கள் அறுந்துபோயிருக்கும், உறிஞ்சு விசை எவ்வளவு இருந்தாலும் தண்ணீர் நடந்து வரப் பாதை இருக்காது. முதலில் பாதை போட்டுக்கொடுத்தால் பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும்.

கழுத்து இரண்டு விரல் அளவு மட்டும் வெளியே தெரியட்டும். அந்தப் பகுதி காற்றுக்கு நீரை இழக்கும், குடிதண்ணீர்ப் பானை குளிர்வதும் இதே வழியில்தான். சுவரில் கசியும் நீரை மண்ணுக்குப் பதிலாகக் காற்று எடுத்துக்கொள்கிறது, ஆவியாகும்போது வெப்பத்தையும் பறித்துக்கொள்கிறது. 100 மி.லி. நீர் ஆவியானாலே, வெளியிலிருந்து வெப்பம் புகாதவரை, 10 லிட்டர் நீரைக் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர்விக்கும் அளவு வெப்பம் போய்விடும். வடக்கு நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990-களில் பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈரமணல் கொட்டி, மின்சாரம் இல்லாமல் காய்கறியைக் கெடாமல் வைக்கும் பெட்டியைப் பரப்பினாரே, அதுவும் இதே தத்துவம். அங்கே வறண்ட காற்று, அதனால் நன்றாக வேலை செய்தது, கடலோரப் புழுக்கத்தில் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது. நம் பாசனப் பானைக்கு ஆவியாவது நஷ்டம், எனவே வெளியே தெரியும் கழுத்தில் மட்டும் உருக்கிய மெழுகையோ எண்ணெய் பெயின்ட்டையோ பூசிவிடுங்கள்.

மூடி கட்டாயம். தேங்கிய சுத்தமான தண்ணீர் என்றால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட வந்துவிடும். சின்ன வாய் என்றால் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று நினைக்கலாம், விளிம்பில் சந்து இருந்தால் போதாது, கொசுவலைத் துணியை வாயில் இறுக்கிக் கட்டி அதன்மேல் கவிழுங்கள். காற்றே புகாமல் இறுக்கமாக அடைக்கவும் கூடாது, நீர் குறையும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் வெற்றிடம் உண்டாகிக் கசிவு குறைந்துவிடும். வலைத்துணி இரண்டுக்கும் சரியாக இருக்கும்.

செடிகளைப் பானையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் நடுங்கள். ஈரம் அதைவிட ரொம்பத் தூரம் பக்கவாட்டில் பரவாது, மணல் கலந்த மண்ணில் இன்னும் குறையும். தக்காளி, கத்தரி, மிளகாய், பாகல், சுரை, வெள்ளரி எல்லாம் நன்றாக வரும். கீரை விதைகளுக்கு இது உதவாது, ஈரம் அடியில் இருக்கும், மேல்மண் காய்ந்து கிடக்கும், விதை முளைக்க மேல் ஈரம் வேண்டும். அதே காரணத்தால் களையும் குறைவாகத்தான் முளைக்கும். முருங்கை, எலுமிச்சை போன்ற மரங்களுக்குக் கன்றாக இருக்கும்போது மட்டும் வையுங்கள், வேர் தடித்தால் பானையை நெரித்து உடைத்துவிடும். மாடியில் வைப்பவர்கள் எடையை மறக்க வேண்டாம், ஐந்து லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் ஐந்து கிலோ.

எத்தனை நாளுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும் என்பது செடிக்குச் செடி, வெயிலுக்கு வெயில் மாறும். ஒரு குச்சியை உள்ளே விட்டு நனைந்த அளவைப் பார்த்தால் இரண்டு மூன்று நாளில் கணக்கு பிடிபட்டுவிடும். அதை ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரமே பார்த்துவிடுங்கள். பாதி காலியானதுமே நிரப்புவது நல்லது, ஏனென்றால் நீர் இருக்கும் மட்டம்வரைதான் சுவர் கசியும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சில மாதங்களில் துளைகள் அடைத்துக்கொள்ளும், மண்ணுக்கு மேலே தெரியும் கழுத்தில் வெள்ளைப் படிவம் பூப்பதுதான் அடையாளம், நிரப்ப வேண்டிய இடைவெளியும் நீண்டுகொண்டே போகும். அறுவடை முடிந்து பானையை எடுக்கும்போது வினிகர் கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தால் மறுபடி கசிய ஆரம்பிக்கும். சோப்பு மட்டும் போட வேண்டாம், அது துளைகளுக்குள் தங்கி அப்புறம் செடிக்குத்தான் போய்ச் சேரும்.