அவனுக்குத் தெரியாத பெரியப்பா

போன வருஷம் ஐப்பசி மழையில் 22 வயதுப் பையன் ஒருவனை அவனுடைய அம்மாவும் தாய்மாமாவும் மனநல மருத்துவரான என்னிடம் அழைத்து வந்தார்கள். (அடையாளம் தெரியக் கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவன் உட்காரவில்லை. ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அதை அணைத்தான், போட்டான், மறுபடி அணைத்தான். ஃபேன் சத்தத்துக்குள் தன் பேர் கேட்கிறது என்றான்.

"ஆறு நாளா பொட்டுத் தூக்கம் இல்லை சார். கொடைக்கானல் போயிட்டு வந்ததுல இருந்து இப்படித்தான்" என்றார் மாமா.

அங்கே நண்பர்கள் நாலு பேரும் போதைக் காளானை ஆம்லெட்டில் போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். மற்ற மூன்று பேரும் மறுநாளே பழையபடி ஆகிவிட்டார்கள். இவன் ஆகவில்லை. செல்போனை என் முன்னால் நீட்டி, "இது டிப்ரஷனுக்கு மருந்து சார், ஃபாரின்ல ரிசர்ச் பண்ணியிருக்காங்க" என்றான். அவன் காட்டிய ஆய்வு பொய்யில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அந்தக் காளானில் இருப்பது சைலோசைபின். சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958-ல் இதைக் காளானிலிருந்து பிரித்தெடுத்தார். எல்எஸ்டி என்ற போதைப்பொருளைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். உடம்புக்குள் போனதும் இது சைலோசினாக மாறி, மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் ஒரு வகை ஏற்பியில் போய் ஒட்டுகிறது. அதன் பிறகு நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குப் பார்ப்பது, கேட்பது, 'நான்' என்ற உணர்வு எல்லாமே மாறிப்போகும்.

2022-ல் வெளியான ஆய்வு ஒன்றில், வழக்கமான மாத்திரைகளுக்குச் சரியாகாத மனச்சோர்வு உள்ள 233 பேரைச் சேர்த்தார்கள். சிலருக்கு 25 மில்லிகிராம், சிலருக்கு 10, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்கு வெறும் 1. எல்லோருக்கும் ஒரே ஒரு முறைதான். மூன்றாவது வாரத்தில் 25 மில்லிகிராம் எடுத்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு நோயின் கடுமை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தது. 1 மில்லிகிராம் எடுத்தவர்களில் அது 18 சதவீதம். வருஷக்கணக்காக மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் தேறாதவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். ஒரே ஒரு டோஸில் இப்படி ஒரு மாற்றம் என்றால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதே ஆய்வில், 25 மில்லிகிராம் எடுத்த எல்லோரிலும் அந்தப் பலன் 12 வாரம் வரை நீடித்தது 20 சதவீதம் பேருக்குத்தான். மூன்று குழுக்களிலும் தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ சிலரிடம் காணப்பட்டது. செல்போனில் வரும் வீடியோக்களில் இந்தப் பகுதி வருவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண மருந்து ஆய்வில், தனக்குக் கிடைத்தது நிஜ மருந்தா வெறும் மாத்திரையா என்று நோயாளிக்குத் தெரியாது. இங்கே அரை மணி, ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். 'கிடைத்துவிட்டது' என்ற நம்பிக்கை எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். எம்டிஎம்ஏ என்ற இன்னொரு போதைப்பொருளை வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு அமெரிக்க மருந்துத் துறை 2024 ஆகஸ்டில் அனுமதி மறுத்ததற்கு முன்பு நடந்த விவாதத்திலும் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது.

சரி, அந்தப் பையனுக்கு வருவோம். ஆய்வில் எடுத்த எடுப்பில் மருந்தைக் கொடுத்துவிடுவதில்லை. அதற்கு முன்னால் பல அமர்வுகள் பேசுவார்கள். டோஸ் அன்று அமைதியான அறை, கண்மூடி, இசை, கடைசிவரை பக்கத்திலேயே பயிற்சி பெற்ற ஆள். அளந்து கொடுத்த கேப்சூல். காளானில் எந்த அளவும் கிடையாது. ஒரு காளானில் இருக்கும் வீரியம் அடுத்ததில் இருக்காது.

இதையெல்லாம் விட முக்கியம், யாரை உள்ளே விடவில்லை என்பது. தனக்கு மனச்சிதைவோ (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவை வரும் நோய்) இருமுனை மனநோயோ (அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) இருந்தவர்களைச் சேர்ப்பதில்லை. பல ஆய்வுகளில் பெற்றோர், உடன்பிறந்தோர், சில ஆய்வுகளில் சித்தப்பா, பெரியப்பா, தாத்தா, பாட்டி வரைக்கும் விசாரிக்கிறார்கள். ஒருவருக்கு இருந்தாலும் 'நீங்கள் வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும் நோயை இந்த மருந்து தட்டி எழுப்பிவிடலாம் என்ற பயம்தான் காரணம்.

நானும் கேட்டேன். "குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்ததா?"

அம்மா உடனே சொன்னார்: "எங்க பக்கம் யாருமே இல்லைங்க சார்." பையனும் இல்லை என்று தலையாட்டினான்.

அட்மிஷன் எழுதி முடித்து எல்லோரும் வெளியே போன பிறகு, குடையை விட்டுவிட்டேன் என்று அம்மா மட்டும் திரும்பி வந்தார். குடை கையில்தான் இருந்தது. "இவங்கப்பாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார் சார். இதே மாதிரி தூங்காமப் பேசிக்கிட்டே இருப்பார். ஒருநாள் வீட்டை விட்டுப் போனவர்தான். பொண்ணு வேற இருக்கு, நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும். அதனால பிள்ளைங்ககிட்ட சொல்லவே இல்லை."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது. சர்க்கரை, பிரஷர் என்றால் ஏழு தலைமுறைக்குச் சொல்கிறோம். மனநோய் என்றால் போட்டோவைக்கூடப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பையன் எவ்வளவு நேர்மையாகத் தன்னைத் தானே சோதித்துப் பார்த்திருந்தாலும், அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்றுதான் பதில் எழுதியிருப்பான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சைலோசைபின் இந்தியாவில் 1985-ன் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. போலீஸ் பயத்தில் "ஃபுட் பாய்சன்" என்று சொல்லிக் கூட்டி வருகிறவர்கள் உண்டு. என்ன சாப்பிட்டான் என்று தெரியாமல் வைத்தியம் பார்ப்பது ஆபத்து. இருமுனை மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை எடுத்தால் வலிப்பு வரலாம். மனநலச் சட்டம் 2017, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குக் கொடுக்கிறது. தைரியமாகச் சொல்லுங்கள். நேரில் வர முடியாத நேரத்தில் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

அவனுக்கு இரண்டாவது வாரத்தில் தூக்கம் வந்தது. குரல் நிற்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது. இருமுனை மனநோய் என்று முடிவாகி, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். தையில் வந்தபோது தானாகவே நாற்காலியில் உட்கார்ந்தான். அம்மா பையிலிருந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளை போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார். அவன் அதைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"தங்கச்சிகிட்டயும் சொல்லிடும்மா" என்றான்.