பதில் வர எவ்வளவு நேரம் எடுத்தது?

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இயங்கும் ஒரு வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு, பணம் கட்டியும் இணைய இணைப்பு வரவில்லை என்று பொகவந்தலாவையிலிருந்து ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை 4.50க்கு முறைப்பாடு அனுப்புகிறார் என வைத்துக்கொள்வோம். அலுவலகம் வார நாட்களில் காலை 8.30 முதல் மாலை 5.00 வரை திறந்திருக்கும். வரும் திங்கட்கிழமை போயா, அதாவது பௌர்ணமி, விடுமுறை. செவ்வாய் காலை 8.40க்குப் பதில் போகிறது. வேலை நேரத்தை மட்டும் கூட்டினால் அவர் காத்திருந்தது 20 நிமிடம். சுவர்க் கடிகாரப்படி 87 மணித்தியாலம் 50 நிமிடம். கணக்கு வைக்கும் மென்பொருளுக்குப் போயா என்றால் என்னவென்று தெரியாவிட்டால், திங்களையும் வேலை நாளாகச் சேர்த்து 8 மணித்தியாலம் 50 நிமிடம் என்று அது காட்டும். முதல் எண் பிரிவின் சுறுசுறுப்பையும் இரண்டாவது எண் வாடிக்கையாளரின் பொறுமையையும் அளக்கின்றன. மூன்றாவது எதையும் அளப்பதில்லை.

கடிகாரத்தை எப்போது நிறுத்துவது என்பதிலும் இதே சிக்கல் உண்டு. "உங்கள் முறைப்பாடு கிடைத்தது" என்று இயந்திரம் தானாக அனுப்பும் வரியைப் பதிலாகக் கொண்டால், எந்தப் பிரிவும் சில விநாடிகளில் பதில் தரும் பிரிவாகிவிடும். ஆகவே மனிதர் எழுதிய முதல் பதில் வரையான நேரத்தையும், பிரச்சினை தீரும் வரையான நேரத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

இனி சராசரி. பத்து முறைப்பாடுகளில் ஒன்பதுக்குப் பத்து நிமிடத்திலும், ஒன்றுக்கு 20 மணித்தியாலத்திலும் பதில் போயிருந்தால் சராசரி 129 நிமிடம். ஆனால் அந்தப் பத்துப் பேரில் எவருமே அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த இடையம், அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது, இங்கே 10 நிமிடம் என்று சொல்லும், அந்த ஒருவரையோ மறைத்துவிடும். இதைவிட மோசமானது, பதிலே போகாத முறைப்பாடுகள் இரண்டு கணக்கிலும் சேராமல் போவதுதான். நிலுவையில் கிடந்த பழையவற்றை ஒரே நாளில் தீர்த்து முடித்த பிரிவுக்கு அன்றைய சராசரி ஏறும். அவற்றைத் தொடாமல் விட்ட பிரிவுக்கு எண் அழகாகவே இருக்கும். நிலுவையில் மிகப் பழையது எத்தனை நாள் பழையது என்பதையும் பக்கத்தில் எழுதாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

காத்திருப்பு ஏன் நீள்கிறது என்பதற்குக் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தைப் பார்த்தாலே போதும். நாளின் பெரும்பகுதியில் தராசு சும்மா தொங்கினாலும், எல்லா மலைகளிலிருந்தும் ஆட்கள் ஒரே நேரத்தில் இறங்கி வரும்போது வரிசை நீண்டுவிடுகிறது. கொப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்த கணிதவியலாளர் அக்னர் க்ராரப் எர்லாங் 1909இலும் 1917இலும் வெளியிட்ட கட்டுரைகளிலிருந்து வளர்ந்த கணிதம் இத்தகைய வரிசைகளைப் பற்றியதே. அழைப்புகள் ஒழுங்கின்றி வருகின்றன, பேசும் நேரமும் ஒரே அளவாக இல்லாமல் மாறிக்கொண்டிருக்கிறது, சராசரியாக ஓர் அழைப்புக்கு 6 நிமிடம் எடுக்கிறது என்று கொண்டால், தன் நேரத்தில் 80 வீதம் வேலையில் இருக்கும் ஒரு பணியாளரிடம் வரும் அழைப்பு சராசரியாக 24 நிமிடம் காத்திருக்கும். அவருடைய வேலை 90 வீதமாக உயர்ந்தால் காத்திருப்பு 54 நிமிடமாகிறது. பணியாளரைச் சற்றும் ஓய விடாமல் வைத்திருப்பதே திறமை என்று எண்ணும் மேலாளர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

மலையகத்தில் தமிழுக்கு ஒருவர், சிங்களத்துக்கு ஒருவர் என்று வரிசையைப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரும் 80 வீத வேலையில் இருந்தால் இரு வரிசைகளிலும் அதே 24 நிமிடந்தான். ஒருவர் சும்மா இருக்கும் வேளையிலும் மற்றவரின் வரிசை குறையாது. இரண்டு மொழியும் தெரிந்த இருவரை ஒரே வரிசைக்கு வைத்தால், ஆட்களும் அழைப்புகளும் மாறாமலே, சராசரிக் காத்திருப்பு 11 நிமிடத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது.