விமானம் அறியும் உயரம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் வடக்கே, இந்தியப் பெருங்கடலை ஒட்டிக் கிடக்கும் வெர்ஜீனியா விமானத் தளம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 20 அடி உயரத்தில்தான் உள்ளது. ஜோகன்னஸ்பர்க் அருகே ஜெர்மிஸ்டனில் உள்ள ரேண்ட் விமானத் தளமோ 5,483 அடி உயரத்தில் இருக்கிறது. வெர்ஜீனியாவில் பறக்கக் கற்ற ஒருவர், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் வாழும் உறவினர் மூவரைத் தைப்பூசக் காவடிக்கு அழைத்துவர, நான்கு இருக்கைகள் கொண்ட செஸ்னா 172 சிறுவிமானம் ஒன்றில் தனியே ரேண்டுக்குச் சென்று இறங்குகிறார் என்று கொள்வோம். போகும்போது பெரிய தொல்லை எதுவும் இராது. மறுநாள் பிற்பகலில், நால்வராக ஏறிக் கிளம்பும்போதுதான் இயற்பியல் தன் கணக்கைக் கேட்கிறது. தைப்பூசம் தமிழ்நாட்டில் பனிக்காலத்து விழா. தென்னாப்பிரிக்காவிலோ அது நடுக்கோடையில் வருகிறது.

விமானம் மேலெழுவதற்குக் காற்று மூன்று வழிகளில் துணை செய்கிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் தள்ளித் தூக்குவிசையைப் பெறுகிறது. முன்னாலுள்ள விசிறி காற்றைப் பின்னுக்குத் தள்ளி இழுவையைப் பெறுகிறது. எஞ்சின் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு பெட்ரோலை எரிக்கிறது. காற்றின் அடர்த்தி குறைந்தால் இம்மூன்றும் ஒருசேரத் தளர்கின்றன. உயரம் கூடினால் அழுத்தம் குறைந்து காற்று மெலிகிறது. வெப்பம் கூடினால் விரிவடைந்து மேலும் மெலிகிறது.

இந்த மெலிவை அளக்க விமானிகள் ‘அடர்த்தி உயரம்’ என்ற கருத்தைப் பயன்படுத்துகிறார்கள். கணக்குக்கென ஒப்புக்கொண்ட சராசரியான ‘நியம வளிமண்டலத்தில்’ கடல்மட்ட வெப்பநிலை 15 டிகிரி. ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் அது ஏறத்தாழ 2 டிகிரி குறையும். அதன்படி 5,500 அடியில் 4 டிகிரிதான் இருக்க வேண்டும். அன்று பிற்பகல் ரேண்டில் 30 டிகிரி என்றால், வேறுபாடு 26 டிகிரி. டிகிரிக்கு 120 அடி வீதம் கூட்டினால் அடர்த்தி உயரம் ஏறக்குறைய 8,600 அடி ஆகிறது. உயரமானி 5,483 என்று காட்டினாலும், இறக்கையும் எஞ்சினும் 8,600 அடி மலையுச்சியில் நிற்பதுபோலவே நடந்துகொள்கின்றன. அங்கே காற்றின் அடர்த்தி நியமக் கடல்மட்ட அளவைவிட 20 விழுக்காட்டுக்கும் மேல் குறைவு. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ கருவி இல்லாத எஞ்சினின் திறனில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். ஈரக்காற்று கனமானது என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும், நீராவி மூலக்கூறு உலர்காற்றைவிட இலேசானது என்பதால் ஈரப்பதமும் அடர்த்தியைச் சற்றே குறைக்கத்தான் செய்யும்.

கணக்கைவிட ஆபத்தானது புலன்களின் ஏமாற்றம். வேகமானி உண்மையில் வேகத்தை அளப்பதில்லை. தன் குழாயில் மோதும் காற்றின் அழுத்தத்தையே அளக்கிறது. ஆகவே முள் 55 நாட் (மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர்) காட்டும்போது இறக்கைக்கு வேண்டிய தூக்குவிசை எங்கும் கிடைத்துவிடும். ஆனால் அதே 55-ஐ மெலிந்த காற்றில் காட்டச் செய்ய, விமானம் உண்மையில் சுமார் 63 நாட் வேகத்தில் ஓட வேண்டும். வேகத்தின் இருமடியைப் பொறுத்து ஓட்டதூரம் வளர்வதாலும், விசிறியின் இழுவை குறைந்திருப்பதாலும், தரையில் ஓடும் தூரம் கடற்கரையில் பழகியதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. டர்பனில் கற்றவரின் கண்களோ, ஓடுபாதைக் கோடுகள் விரைந்து பின்னோடுவதைக் கண்டு, “வேகம் வந்துவிட்டது, தூக்கு” என்கின்றன. அவர் கைப்பிடியை முன்கூட்டியே இழுத்தால் விமானம் எழும்பவும் கூடும், அதுதான் கண்ணி. இறக்கை நீளத்துக்கும் குறைந்த உயரத்தில் தரையின் அருகாமை காற்றின் எதிர்விசையைக் குறைப்பதால், பறக்கப் போதாத வேகத்திலும் விமானம் மிதக்கிறது. அந்த அடுக்கைத் தாண்டி ஏற முயலும்போது உதவி விலகிவிடுகிறது. முன்னால் வேலியும் வீடுகளும் நிற்க, ஏறவும் முடியாமல் இறங்கவும் இடமில்லாமல் அவர் தவிப்பார்.

எடையின் கணக்கு எளியது, ஆயினும் பலர் அதைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்பதே என் கவலை. செஸ்னா 172-இன் எஸ் வகைக்கு உச்ச எடை 1,157 கிலோ. வெற்று எடை சுமார் 760 கிலோ. நிறைந்த தொட்டிகளில் பயன்படும் எரிபொருள் 200 லிட்டர், அதாவது 144 கிலோ. மீதம் 253 கிலோ. ஆளுக்கு 75 கிலோ என்றாலே நால்வருக்கு 300 ஆகிறது. காவடிச் சாமான்களையும் பால்குடங்களையும் இன்னும் ஏற்றவில்லை. நான்கு இருக்கைகள் இருப்பதால் நான்கு பேரும் முழுத் தொட்டியும் ஒன்றாகச் செல்லலாம் என்று பொருளில்லை. டர்பனுக்குச் சுமார் 500 கிலோமீட்டர். எதிர்க்காற்றுக்கும் சேமிப்புக்கும் சேர்த்து 130 லிட்டர் போதுமென்று கணக்கிட்டால் 50 கிலோ குறையும். அப்போதும் எடை வரம்பைத்தான் தொடும். சாமான்கள் காரில்தான் வர வேண்டும்.

நேரத்தை மாற்றுவது இன்னும் பெரிய உதவி. விடியற்காலையில் 16 டிகிரி இருந்தால் அதே ஓடுபாதையின் அடர்த்தி உயரம் 6,900 அடியாக இறங்கிவிடும். கோடைப் பிற்பகல்களில் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின்மேல் திரளும் இடிமழை மேகங்களையும் அது தவிர்க்கும். மெலிந்த காற்றுக்கேற்ப, எஞ்சினுக்குச் செல்லும் கலவையில் எரிபொருளின் பங்கைத் தரையிலேயே சரியான அளவுக்குக் குறைத்துக்கொள்வதும் தேவை. கடற்கரையில் பழகியவர் அதை மறப்பதுண்டு.

இவை அனைத்தையும் முதல்நாள் இரவே, விமானக் கையேட்டின் அட்டவணையை விரித்து, தாளில் எழுதி முடிக்க வேண்டும். மறுநாள் விமானத்தருகே பெரியம்மா பட்டுப்புடவையுடன் காத்திருக்கும்போது, “இன்று முடியாது” என்று சொல்லும் துணிவு எளிதில் வாராது. எழுதிவைத்த வரம்பு இருந்தால், மறுப்பது அந்தத் தாளாகிவிடுகிறது.

ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு சோதனை எஞ்சியிருக்கிறது. வேகத்தின் இருமடி தூரத்தோடு வளர்வதால், ஓடுபாதையின் பாதியில் மேலெழும் வேகத்தின் 70 விழுக்காடு வந்திருக்க வேண்டும். 55 நாட்டுக்கு அது சுமார் 39. பாதித் தொலைவைக் குறிக்கும் இடமொன்றை முன்பே பார்த்துவைத்து, அதைக் கடக்கும்போது முள் 39-ஐத் தொடவில்லையென்றால், விசையை முழுவதும் குறைத்து பிரேக்கை அழுத்திவிட வேண்டும். நிற்பதற்கு மறுபாதி ஓடுபாதை இன்னும் முன்னால் கிடக்கிறது.