எந்த விளக்கின் கீழ் படிக்கிறீர்கள்?

புதுக் கண்ணாடி வாங்கிய பிறகும் வீட்டில் படிக்க முடியவில்லை என்று வயதானவர்கள் பலர் என்னிடம் திரும்பி வருவதுண்டு. பரிசோதனை அறையில் அதே கண்ணாடியோடு அட்டையின் மிகச் சிறிய எழுத்தையும் தடுமாறாமல் வாசிப்பார்கள். பவர் சரியாகத்தான் இருக்கும். வீட்டில் எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள், விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அடுத்துக் கேட்பேன். பெரும்பாலும் விளக்கு சுவரின் உயரத்தில் இருக்கும். நாற்காலி அதற்கு முதுகு காட்டிக் கிடக்கும். படிப்பவரின் தலை நிழலே புத்தகப் பக்கத்தின் மேல் விழுந்துகொண்டிருக்கும்.

வெளிச்சமே அரிதாக இருந்த காலம் மிக நீண்டது. பிரான்சின் லாஸ்கோ ஓவியக் குகையில், விலங்குக் கொழுப்பை எரிக்கப் பயன்பட்ட கல் விளக்கு கிடைத்திருக்கிறது. அதன் பிறகு பல்லாயிரம் ஆண்டுகள் எண்ணெயும் திரியும்தான். 1780இல் ஏமே ஆர்கண்ட் என்ற சுவிஸ்காரர் திரியைக் குழல்போல ஆக்கி, அதன் நடுவிலும் காற்று புக வழி செய்தார். புகை குறைந்தது, ஒரே விளக்கு பல மெழுகுவத்திகளின் வெளிச்சத்தைத் தந்தது. 1792இல் வில்லியம் முர்டாக் நிலக்கரி வாயுவைக் கொண்டு தம் வீட்டுக்கு விளக்கேற்றினார்.

மருத்துவர் என்ற முறையில் என் மனத்துக்கு நெருக்கமான நாள் 1853 ஜூலை 31. அன்றிரவு, இன்றைய உக்ரைனிலுள்ள லிவிவ் நகர மருத்துவமனை ஒன்றில், இக்னாசி லூகாசியேவிச் உருவாக்கிய மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. விடியும்வரை நோயாளியைக் காக்க வைக்க வேண்டிய நிலை மாறத் தொடங்கியதே, அதைவிட விளக்குக்கு வேறென்ன பெருமை வேண்டும்!

ஸ்வானும் எடிசனும் தந்த இழை பல்பு பிற்காலத்தில் டங்ஸ்டனுக்கு மாறியது. ஆனாலும் எடுத்த மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணாக்கியது. 1930களின் இறுதியில் டியூப்லைட் கடைக்கு வந்தது. நீல எல்இடி கைகூடிய பிறகுதான் வெள்ளை எல்இடி சாத்தியமானது. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சின் வழியே செலுத்தினால் கண்ணுக்கு வெண்மையாகத் தெரியும். அந்த நீல எல்இடிக்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 60 வாட் இழை பல்பு கொடுத்த சுமார் 700 லூமென் வெளிச்சத்தை இன்று 8 வாட் எல்இடி கொடுத்துவிடுகிறது.

வெளிச்சம் மலிந்துவிட்டது. ஆனால் நம் பழக்கங்கள் பஞ்ச காலத்தவை. அறைக்கு ஒரு விளக்கு, அதுவும் எட்டாத உயரத்தில். போதாவிட்டால் இன்னும் பெரிய வாட். லூமென் என்பது விளக்கிலிருந்து புறப்படும் மொத்த ஒளி. உங்கள் பக்கத்தின் மேல் எவ்வளவு விழுகிறது என்பதைச் சொல்வது லக்ஸ். சிறிய விளக்கு ஒன்றைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் புத்தகப் பக்கத்தின் மேல் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். ஆகவே பெரிய பல்பு தேடுவதைவிட மேசை விளக்கு ஒன்றை அருகில் வைப்பது எவ்வளவோ மேல்.

முதியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வயது ஏற ஏறப் பாவை (கண்ணுக்குள் ஒளி புகும் நடுத் துளை) சுருங்குகிறது, கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, 20 வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச் சேரும். அதோடு, புரை தொடங்கிய லென்ஸ் ஒளியைச் சிதறடிப்பதால் கண்கூச்சமும் கூடும். அதிக வெளிச்சம் வேண்டும், அது நேராகக் கண்ணில் படவும் கூடாது. மூடி போட்ட விளக்கைப் பக்கவாட்டில், எழுதும் கைக்கு எதிர்ப்புறம், கண் மட்டத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டிலும், படுக்கையிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியிலும் தரையை ஒட்டி ஒரு சிறு விளக்கு எரியட்டும். இரவில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்பவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த ஒரு விளக்கு உதவியிருக்கும்.

தலைவலி, கண் களைப்பு என்று வரும் இளைஞர்களிடம் விளக்கின் சிமிட்டலைப் பற்றியும் கேட்பேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் தரம் குறைந்த எல்இடி நொடிக்கு 100 முறை மங்கி எழும். கண்ணுக்கு அது தனியாகத் தெரியாது. ஆனால் சிலரின் தலைக்குத் தெரியும். விளக்கின் கீழ் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். தொடர்ச்சியான மங்கலாக இல்லாமல் தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் அந்த விளக்கு சிமிட்டுகிறது. சுழலும் இயந்திரம் உள்ள பட்டறையில் இது ஆபத்து: ஓடும் சக்கரம் நின்றிருப்பதுபோலத் தோன்றும்.

மங்கலான வெளிச்சத்தில் படித்தால் பிள்ளையின் கண் கெட்டுவிடுமா என்று பெற்றோர் கேட்பார்கள். கண் களைக்கும், அதனால் கண் நிரந்தரமாகக் கெட்டதற்கு நல்ல சான்று இல்லை. நான் அதிகம் கவலைப்படுவது பிள்ளை வெளியே போகாததைப் பற்றி. நல்ல வெளிச்சமுள்ள மேசையில் 500 லக்ஸ் இருக்கும். மேகமூட்டமான பகலில்கூட வெளியே 10,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும். சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில், தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருந்த குழந்தைகளில் 3 ஆண்டுகளில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றவர்களில் 39.5 சதவீதம். இந்த விஷயத்தில் எந்த விளக்கும் பகலுக்கு ஈடாகாது.

இரவில் கதை வேறு. பார்ப்பதற்கான அணுக்களைத் தவிர, உடலின் கடிகாரத்துக்குப் பகலா இரவா என்று சொல்லும் தனி நரம்பணுக்களும் விழித்திரையில் உண்டு என்பது 2002இல் உறுதியானது. 480 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகிலுள்ள நீல ஒளி அவற்றை மிகவும் தூண்டும். எனவே படுக்கும் முன்னர் விளக்குகளைக் குறையுங்கள். படுக்கையறைக்கு 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று அச்சிட்ட மஞ்சள் நிறப் பல்பு போதும். திரை ஒளியிலிருந்து கண்ணைக் காக்கும் என்று விற்கப்படும் நீல வடிகட்டிக் கண்ணாடிகளை நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. அவை கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை.

ஒளி மருந்தாகவும் பயன்படுகிறது. பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு 460 நானோமீட்டர் அளவிலான நீல ஒளி, தோலிலுள்ள பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை உடல் வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த ஒளியைத் தரும் மருத்துவமனைக் கருவியின் அளவும் நேரமும் கணக்கிட்டவை. வீட்டு டியூப்லைட் அந்த வேலையைச் செய்யாது. தயவுசெய்து குழந்தையை அதன் கீழ் படுக்க வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கடைசியாக, கிருமி கொல்லும் புற ஊதா விளக்குகள். 254 நானோமீட்டர் ஒளி கிருமியை அழிப்பது உண்மை. விழிவெண்படலத்தின் (கண்ணின் முன்புறத் தெளிவான படலம், கார்னியா) மேற்பரப்பையும் அது எரிக்கும். எரியும்போது வலி தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல உறுத்தி, நீர் கொட்டி, இமையைத் திறக்கவே முடியாமல் போகும். பாதுகாப்பில்லாமல் வெல்டிங் பார்த்தவர்களுக்கு வருவதும் இதே நிலைதான். ஆளிருக்கும் அறையில் இத்தகைய திறந்த விளக்கைப் போடவே கூடாது. பட்டுவிட்டால் கண்ணைத் தேய்க்காதீர்கள், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள், மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி விடாதீர்கள். அது வலியை மறைத்துப் புண் ஆறுவதைத் தடுக்கும். அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.