சூட்சுமம் வெளிமூச்சில்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வயது 58, ஆசிரியை. அக்கா தவறி நான்கு மாதம் ஆகிறது. வேலையாக இருக்கும்போதே திடீரென்று நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாற்போல ஒரு பாரம் வந்து உட்கார்ந்துகொள்கிறதாம். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று, இதயத்தில் கோளாறு ஒன்றுமில்லை. யோகா வகுப்பில் நடு நெஞ்சில் கவனத்தை நிறுத்தி 'யம்' என்று இழுத்துச் சொல்லச் சொன்னார்கள். அநாகதச் சக்கரம் திறந்துகொண்டால் துக்கம் கரைந்துவிடும் என்றார்கள். சொன்னால் லேசாகத்தான் இருக்கிறது, ஆனால் பொறியாளரான மகன் மூடநம்பிக்கை என்று சிரிக்கிறான், யார் சொல்வது சரி என்று கேட்டிருந்தார்.

அம்மா, லேசாவது நிஜம். ஆனால் அங்கே திறந்துகொள்ள எதுவும் இல்லை. அநாகதச் சக்கரம் என்பது நெஞ்சில் இருக்கும் பன்னிரண்டு இதழ்த் தாமரை என்பார்கள், நெஞ்சைப் பிளந்து அறுவை சிகிச்சை செய்த எவரும் அதைப் பார்த்ததில்லை. அப்படியானால் எது லேசாக்குகிறது என்பதுதான் சுவாரசியமான கேள்வி.

அதற்கு முன் ஒன்று. இந்த வாசகி முதலில் டாக்டரிடம் போனார், அந்த வரிசைதான் சரி. நடந்தால், மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, வலி தோளுக்கோ தாடைக்கோ ஓடுகிறது என்றால் 108 முறை ஜபிக்க வேண்டாம், 108க்கு போன் செய்யுங்கள். துக்கமே இதயத்தைச் சாய்ப்பதும் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 1990 வாக்கில் அதற்கு டாகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். அங்கே மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்க வைக்கும் பானையின் பெயர் அது. பேரதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை அந்தப் பானைபோல அடியில் உப்பிவிடும். மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் இது அதிகம். ஈசிஜியில் மாரடைப்பு மாதிரியே தெரியும். ஆகவே பரிசோதனை முதலில், பாடம் அப்புறம்.

சரி, மனசில் இருக்கும் துக்கம் நெஞ்சை ஏன் அடைக்கிறது? பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மனம் கலங்கினால், ஆபத்துக்கு உடலைத் தயாராக்கும் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தசைகள் முறுக்கிக்கொள்கின்றன. வயிறு அசைய விடும் மூச்சு போய், மேல் நெஞ்சால் குட்டி குட்டியாக மூச்சு வாங்க ஆரம்பிக்கிறோம். தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்து நெஞ்சு இறுக்கமும் தலைச்சுற்றலும் வரும். அதைப் பார்த்து பயம், பயத்தில் இன்னும் மூச்சு. செக்கு மாதிரி சுற்றிச் சுற்றி வரும்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் வழக்கமான உடல் பரிசோதனைக்குப் போய் ஈசிஜி எடுத்தேன். கைக்கு வந்த தாளின் மேல் மூலையில் 'சைனஸ் அரித்மியா' என்று அச்சாகியிருந்தது. அரித்மியா என்றால் தாளம் தப்பிய துடிப்பு என்று அரைகுறையாகத் தெரியும். டாக்டர் அறைக்கு வெளியே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி காப்பீட்டுக் கணக்கெல்லாம் மனசில் ஓட்டி முடித்துவிட்டேன்.

டாக்டர் சிரித்தார். தாளை மேசையில் விரித்துப் பேனாவால் காட்டினார். ஈசிஜி தாளில் பெரிய கட்டம் ஒன்றுக்கு 0.2 விநாடி. கூரான முனை ஒவ்வொன்றும் ஒரு துடிப்பு. ஓரிடத்தில் இரண்டு முனைகளுக்கு நடுவே நான்கு கட்டம் இருந்தது, அதாவது நிமிடத்துக்கு 75 என்ற வேகம். கொஞ்சம் தள்ளி அதே இடைவெளி ஐந்து கட்டமாகியிருந்தது, 60 என்ற வேகம். பிறகு மறுபடி நான்கு. "இங்கே மூச்சை இழுத்திருக்கீங்க, இங்கே விட்டிருக்கீங்க, அவ்வளவுதான் சார்" என்றார். கோளாறு என்று நான் நடுங்கிய விஷயம் ஆரோக்கியத்தின் அடையாளம். ஜெர்மனியின் கார்ல் லுட்விக் 1847லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நம் வாசகியின் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

இதயம் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. அதற்குள்ளேயே சைனஸ் முடிச்சு என்று ஒன்று உட்கார்ந்து தாளம் போடுகிறது. ஆனால் அதை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 100 முறை துடிக்கும். நமக்கோ சும்மா இருக்கும்போது 70, 72 என்று ஓடுகிறது. மீதி எங்கே போனது? யாரோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள். வேகஸ் என்ற நரம்புதான் அது. மூளைத் தண்டிலிருந்து கிளம்பிக் கழுத்து, இதயம், நுரையீரல், வயிறு என்று ஊர் சுற்றும் நரம்பு. லத்தீனில் அந்தப் பெயருக்கே 'அலைகிறது' என்றுதான் பொருள். மாற்று இதயம் பொருத்தும்போது ரத்தக் குழாய்களைத் தைக்கிறார்கள், அறுபட்ட நரம்பை யாரும் தைப்பதில்லை. அதனால்தான் மாற்று இதயம் பெற்றவருக்குத் தூங்கி எழுந்ததும்கூட நாடி 90, 100 என்று ஓடும். பிரேக் இல்லாத வண்டி.

பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி என்ற ஆராய்ச்சியாளர். ஓர் இரவு கனவில் ஒரு சோதனை தோன்ற, எழுந்து தாளில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே யோசனை மறுபடி வந்தது. இந்த முறை எழுதவில்லை, நேராக ஆய்வகத்துக்கு ஓடினார். இரண்டு தவளை இதயங்களைத் தனித்தனியே உப்புநீரில் துடிக்கவிட்டார். ஒன்றில் வேகஸ் நரம்பு இருந்தது, மற்றதில் இல்லை. முதல் இதயத்தின் வேகஸைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அதைச் சுற்றியிருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இதயமும் தளர்ந்தது. அந்த நீரில் கலந்திருந்தது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் என்பது பிறகு உறுதியானது. சோதனை வெளியானது 1921ல், நோபல் பரிசு 1936ல்.

அசிட்டைல்கோலினின் அழகு அது சீக்கிரம் செத்துப்போவதில் இருக்கிறது. சுரந்த மாத்திரத்தில் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். ஆகவே பிரேக்கை மிதித்த அடுத்த துடிப்பிலேயே வேகம் குறையும், காலை எடுத்தால் உடனே ஏறும். அட்ரினலின் வகையறா அப்படியில்லை, ஏற நேரம், இறங்க அதைவிட நேரம். சண்டை முடிந்து எதிராளி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் நமக்கு நெஞ்சு படபடப்பது இதனால்தான்.

இந்தப் பிரேக்கின் மேல் மூச்சுக்கு ஒரு பிடி இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது மூளைத் தண்டின் மூச்சு மையம் வேகஸைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது, துடிப்பு ஏறுகிறது. விடும்போது வேகஸுக்கு வழி விடுகிறது, துடிப்பு இறங்குகிறது. இதயத்தை 'மெதுவாகத் துடி' என்று யாராலும் நேரடியாக அதட்ட முடியாது. மூச்சோ தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். ஆகவே வெளிமூச்சை நீட்டினால் பிரேக்கில் கால் கூடுதல் நேரம் இருக்கும்.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். இன்னொரு சக்கரம் இருக்கிறது, நிஜமான சக்கரம். கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் வளைவிலும் ரத்த அழுத்தத்தை அளக்கும் உணரிகள் உண்டு. அழுத்தம் ஏறினால் இதயத்தை அடக்கும், இறங்கினால் முடுக்கும். ஆனால் துடிப்பு மாறி அழுத்தம் மாறுவதற்குள் சுமார் 5 விநாடி தாமதம். இப்போது நீங்கள் 5 விநாடி மூச்சை இழுக்கிறீர்கள், துடிப்பு ஏறுகிறது. அதன் பலனாக அழுத்தம் ஏறி, 'மெதுவாகு' என்று உணரிகள் குரல் கொடுக்கும் நேரம் பார்த்து மூச்சை விட ஆரம்பிக்கிறீர்கள். இரண்டு உத்தரவும் ஒரே திசையில், ஒரே நேரத்தில் போகின்றன. ஊஞ்சல் பின்னால் வந்து திரும்பும் அந்தக் கணத்தில் தள்ளுகிற கைதான் அதை உயரக் கொண்டுபோகும், நடுவழியில் தள்ளினால் குலுங்கத்தான் செய்யும். போக 5, வர 5, மொத்தம் 10 விநாடி. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இந்த வேகத்தில் துடிப்பின் ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாகிறது. ஆளுக்கு ஆள் ஐந்து, ஆறு, ஏழு என்று கொஞ்சம் மாறும். வழக்கமாக நாம் விடுவது 12 முதல் 20.

இத்தாலியின் லூசியானோ பெர்னார்டியும் சகாக்களும் 23 பேரை ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், லத்தீனில். பிறகு 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற பௌத்த மந்திரத்தைச் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறுக்கு அருகில் வந்து நின்றது, அழுத்த உணரிகளின் கூர்மையும் கூடியது. 2001ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது. மேரி மாதாவைக் கும்பிட்டாலும் பௌத்தர்களின் அவலோகிதரைக் கும்பிட்டாலும் ஊஞ்சல் ஒன்றுதான்.

நம் திருமூலர் காற்றைப் பிடிப்பதைக் கணக்கு என்றே சொல்கிறார். அவர் தரும் அளவு, இழுக்க 16 மாத்திரை, அடக்க 64, விட 32. விடுவது இழுப்பதைப் போல இருமடங்கு என்பதைக் கவனியுங்கள். (உடனே வேகஸ் நரம்பை அன்றே அறிந்த தமிழன் என்று வாட்ஸப்பில் கிளப்பிவிட வேண்டாம். செய்து பார்த்து, எது ஒத்துவருகிறது என்று கவனித்தவர்கள். அந்தப் பெருமையே போதும். 64 மாத்திரை அடக்குவதை ஆசான் இல்லாமல் முயலவும் வேண்டாம்.)

'யம்' செய்வதும் இதைத்தான். ய சட்டென்று முடிந்துவிடும், ம் நீண்டுகொண்டே போகும். உதட்டை மூடி ம்ம்ம் என்று இழுக்கும்போது காற்று மூக்கு வழியே கசிந்து கசிந்துதான் வெளியேற முடியும். குழாயைப் பாதி மூடிவைத்த மாதிரி. வெளிமூச்சு தானாக நீளுகிறது, எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நெஞ்சுக்கூடு லேசாக அதிர்வதால் கவனம் நிற்க ஓரிடமும் கிடைக்கிறது. இறுகிய விலாத் தசைகள் நீண்ட வெளிமூச்சில் தளர்கின்றன. அம்மிக்கல் இறங்குவதாகத் தோன்றுவதில் பாதிப் பங்கு இதற்கு இருக்கும் என்பது என் ஊகம்.

மெதுவான மூச்சு மனசையும் அடக்குவது ஏன்? 2017ல் எலிகளில் ஒரு துப்பு கிடைத்தது. மூச்சுத் தாளத்தை உண்டாக்கும் மூளைப் பகுதியிலிருந்து, உடலை உஷார்ப்படுத்தும் பகுதிக்கு மூச்சின் வேகத்தைச் சொல்லும் ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. அதை நீக்கியதும் எலிகள் சாந்த சொரூபிகளாக உட்கார்ந்து ரோமத்தை நக்கிக்கொண்டிருந்தன. மனிதருக்கும் இப்படித்தான் என்று இன்னும் சொல்லிவிட முடியாது.

மகன் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது, சக்கரத்தின் பேரில் நடக்கும் வியாபாரத்தைப் பார்த்தால் எனக்கும் சிரிப்புதான். இதயச் சக்கரத்துக்குப் பச்சை நிறம், ஆகவே பச்சைக் கல் வாங்கு, பச்சை விளக்கு வாங்கு என்கிறார்கள். 1577ல் பூர்ணானந்தர் எழுதிய ஷட்சக்ர நிரூபணத்தில் அநாகதத் தாமரை பந்தூக மலர்போலச் சிவப்பு, நடுவிலுள்ள அறுகோணம் புகை நிறம். வானவில் வரிசை போன நூற்றாண்டில் மேற்கே ஒட்டப்பட்டது. விற்கிறவர்கள் மூல நூலையாவது புரட்டிப் பார்த்திருக்கலாம்.

எனக்கு இதைவிடப் பெரிய மனக்குறை, கேள்வியை ஒழுங்காகக் கேட்கிற ஆய்வுகள் குறைவு என்பது. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2011ல் ஓம் சொல்பவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். ஒப்பிட, அதே அளவு நேரம் 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லவும் வைத்தார்கள். எவ்வளவு எளிய, சரியான யோசனை! ஓமில் உணர்ச்சிப் பகுதிகள் அடங்கின, ஸ்ஸ்ஸில் அப்படி இல்லை. ஆனால் ஆட்கள் பன்னிரண்டே பேர். இதையே ஆயிரம் பேரிடம் செய்யலாமே. பாதிப் பேருக்குச் சக்கரமும் யம்மும், மீதிப் பேருக்குச் சக்கரக் கதை எதுவும் இல்லாமல் வெறும் நீண்ட ம்ம்ம். தேவை கடிகாரமும் நாடி பார்க்கும் கருவியும்தான். யோகா தினத்துக்கு வைக்கிற ஒரு மாவட்டத்து பேனர் செலவில் முடிந்துவிடும்.

வாசகிக்கு ஒரு வேண்டுகோள். இன்று சாயந்திரம் உட்கார்ந்து கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக்கொள்ளுங்கள். நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுங்கள், யம் என்று ஆறு எண்ணும்வரை விடுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். ம்ம்ம் நீளும்போது துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி கூடுவது விரலுக்குத் தெரியும். வயது ஏற ஏற இந்த ஏற்ற இறக்கம் குறைந்துவிடும் என்பதால் 58ல் அவ்வளவு துலக்கமாகத் தெரியாமலும் போகலாம். அப்படியானால் மகனை எதிரே உட்காரவைத்து யம் சொல்லச் சொல்லுங்கள், அவர் நாடியை நீங்கள் பிடித்துப் பாருங்கள்.