செரீனாவுக்கே ரத்தம் உறைந்தது. நம் ஃபிட்னஸ் எந்த மூலைக்கு?

"தினமும் ஓடுகிற பொண்ணு டாக்டர், இவளுக்குப் போய் எப்படி ரத்தம் உறையும்?" அவசர சிகிச்சைப் பிரிவில் இந்தக் கேள்வி ஓய்ந்தபாடில்லை. ஒற்றைக் கால் வீங்கியதும் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டு, மூச்சு வாங்கிய பிறகே கூட்டி வருகிறார்கள். இப்படி வருகிறவர்களுக்கு டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸின் கதையைச் சொல்வதுதான் சரி.

1999-ல், 17 வயதில் அமெரிக்க ஓபனை வென்றவர். மொத்தம் 23 ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள். 2010 விம்பிள்டனை ஜெயித்த சில நாட்களில் மியூனிக் நகர உணவகம் ஒன்றில் உடைந்த கண்ணாடியை மிதித்துப் பாதம் கிழிந்தது. இரண்டு அறுவை சிகிச்சைகள், வாரக்கணக்கில் மாவுக்கட்டு. 2011 பிப்ரவரியில் நுரையீரலில் ரத்தக்கட்டி. அதற்கான சிகிச்சையின்போதே வயிற்றில் ரத்தம் தேங்கி, மறுபடி அவசர சிகிச்சை. உறையாமல் தடுக்கும் மருந்துக்கு இப்படி ஒரு மறுபக்கமும் உண்டு.

உடற்பயிற்சி பொதுவாக நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் ரத்தத்தை மேலே தள்ளும். தேங்கினால் ரத்தம் உறையும், அந்தக் கட்டி நுரையீரலுக்கும் போய்விடும். மாவுக்கட்டுக்குள் இருக்கும்போது சாம்பியன் காலும் ஒன்றுதான், சோபாவிலேயே கிடப்பவர் காலும் ஒன்றுதான். இன்னும் சொன்னால் ஃபிட்னஸ் நோயை மறைக்கவும் செய்யும். நன்கு பயிற்சி பெற்றவருக்கு ஓய்வில் நாடித்துடிப்பு 50 அளவில் இருக்கலாம். அவருக்கு 95 என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேஸ் ஷீட்டில் அது 'நார்மல்' என்று பதிவாகிவிடும். (இளம் டாக்டர்களே, வழக்கமான துடிப்பு எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.) கெண்டைக்கால் வலியையோ அவரே தசைப்பிடிப்பு என்று ஒதுக்கிவிடுவார்.

2017 ஜனவரியில், ஏறக்குறைய இரண்டு மாதக் கர்ப்பத்தோடு, ஒரு செட் கூட இழக்காமல் ஆஸ்திரேலிய ஓபனை வென்றார் செரீனா. செப்டம்பர் 1-ல் அவசர சிசேரியன். அறுவை சிகிச்சைக்காக, ரத்தம் உறையாமல் இருக்க எடுத்துவந்த மருந்து நிறுத்தப்பட்டிருந்தது. மறுநாள் மூச்சுத் திணறல். சாயம் ஏற்றிய சி.டி. ஸ்கேனும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் உடனே வேண்டும் என்று அவரே சொன்னார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். முதலில் கால்களுக்குத்தான் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. பிறகு எடுத்த சி.டி.யில் நுரையீரலில் பல சிறு ரத்தக்கட்டிகள். இருமி இருமித் தையல் பிரிந்தது, வயிற்றில் ரத்தம் தேங்கியது, கட்டிகள் நுரையீரலுக்குப் போகாமல் தடுக்கப் பெரிய ரத்தக் குழாயில் வடிகட்டி வைக்க வேண்டியதாயிற்று. உலகப் புகழும், முன்பே வந்த நோயும், சரியான பரிசோதனையின் பெயரும் கையிலிருந்தவருக்கே இந்தப் பாடு.

கால் டாப்ளர் சுத்தமாக இருந்தால் நுரையீரலும் சுத்தம் என்று அர்த்தமில்லை. கட்டி ஏற்கெனவே மேலே போயிருக்கலாம், இடுப்புக்குழி நாளத்திலிருந்து வந்திருக்கலாம். ரத்தக்கட்டி இருக்குமா என்று பார்க்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை, பிரசவத்துக்குப் பிறகு எப்படியும் கூடுதலாகத்தான் காட்டும். அதை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம்.

வீட்டில் தையல் டேப் இருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு கெண்டைக்காலையும் அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அளவு குறைவாக இருந்தாலும் புதிதாக ஒரு காலில் வலியும் வீக்கமும் வந்தால் காட்டியே ஆக வேண்டும். நீவக் கூடாது, ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்கவும் கூடாது.

மாவுக்கட்டு போட்டால் கால் விரல்களை அடிக்கடி அசையுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி தேவையா என்று கேளுங்கள். முன்பு ரத்தம் உறைந்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தாலோ கர்ப்பத்தின் முதல் செக்கப்பிலேயே சொல்லிவிடுங்கள். கருத்தடை மாத்திரை வாங்கும்போதும் இதே விஷயம்தான்.

அம்மாக்களிடம் ஒரு கெஞ்சல்: பச்சை உடம்பு என்று மகளைப் படுக்கையிலேயே கிடத்தாதீர்கள், தண்ணீரையும் அளந்து கொடுக்காதீர்கள். சிசேரியன் ஆனாலும் டாக்டர் அனுமதித்ததும் எழுந்து நடக்கட்டும். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம்தான் அபாயம் மிகுந்த காலம்.

ஹெப்பாரின் ஊசி வீட்டில் போடுகிறவர்கள் வயிற்றில் பக்கம் மாற்றிப் போடுங்கள், போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். தாய்ப்பால் கொடுக்கலாம். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்காக ஊசியை நிறுத்தினால், திரும்ப எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் என்றால் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டி வராதீர்கள். 108-ஐ அழையுங்கள், வந்ததும் பிரசவம், மாவுக்கட்டு, நெடுந்தூரப் பயணம் எது நடந்தது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.