ஜெர்மனியில் பிஎச்டி: சம்பளத்தில் பிடித்த ஓய்வூதியப் பணம் என்ன ஆகும்?

ஜெர்மனியில் பிஎச்டி முடித்துத் திரும்பி மூன்று வருடம் ஆன ஒருவர் கேட்டார்: "மாசாமாசம் ஓய்வூதியத்துக்குப் பிடிச்சாங்களே, அதைத் திரும்ப வாங்க முடியுமா?" அத்தனை வருடத்தில் அவருக்கு இதை யாருமே சொல்லியிருக்கவில்லை.

உங்களுக்குத் தருவது உதவித்தொகை என்றால் இந்தப் பிடித்தமே இல்லை. வேலை ஒப்பந்தம் என்றால் சம்பளத்தில் 18.6 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போகும். பாதி உங்களுடையது, மீதி பல்கலைக்கழகம் கட்டுவது. இந்தியக் குடிமக்கள் 60 மாதத்துக்குக் குறைவாகக் கட்டியிருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின், கடைசிப் பிடித்தத்திலிருந்து 24 மாதம் கழித்துத் தங்கள் பாதியை மட்டும் திரும்பக் கேட்கலாம். விண்ணப்பிக்காமல் வராது.

60 மாதம் ஆகிவிட்டால் பணம் திரும்பாது. வயதான பிறகு ஓய்வூதியமாகத்தான் வரும். நான்கு வருட பிஎச்டி, அப்புறம் அங்கேயே ஒரு வருட போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பின் செய்யும் ஆய்வு வேலை), அவ்வளவுதான், 60 ஆகிவிடும். மாஸ்டர்ஸ் படித்தபோது பார்த்த பகுதிநேர வேலையில் பிடித்தம் இருந்தால் அந்த மாதங்களும் சேரும். எது லாபம் என்பது அவரவர் கணக்கு. ஆனால் தெரியாமல் தாண்டிவிடாதீர்கள். போஸ்ட்டாக்குக்குப் பக்கத்து நாடான நெதர்லாந்து போனாலும், அதுவும் ஐரோப்பிய ஒன்றியம்தான் என்பதால், அந்த 24 மாதம் ஓடாது.

பல பல்கலைக்கழகங்களில் விபிஎல் என்ற கூடுதல் ஓய்வூதியமும் உண்டு. குறுகிய ஒப்பந்த ஆய்வாளர்கள் வழக்கமான திட்டத்துக்குப் பதில் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சேர்ந்த இரண்டு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். பணியாளர் பிரிவைக் கேட்டால் சம்பள அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள், அங்கே போனால் திரும்ப இங்கேயே அனுப்புவார்கள். அலைச்சலில் கெடு போய்விடும். முதல் வாரமே மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

சம்பளத்தில் வரியும் பிடிப்பார்கள். அதற்கான வரி எண் தபாலில்தான் வரும். தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். அந்த எண் சம்பள அலுவலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால், அதிக வரி பிடிக்கும் ஆறாம் வரி வகுப்பில் போட்டுத் தாறுமாறாகப் பிடிப்பார்கள். முகவரி பதியும்போது மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டன்ட் என்றோ பதிந்தால் வருமான வரியின் மேல் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரி சேரும்.

நம் பெயர்களில் இனிஷியல் ஒரு பெரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் "குமார் ராஜன்", சம்பளச் சீட்டில் "ராஜன்", ஊர் வங்கிக் கணக்கில் "ஆர். குமார்" என்றிருந்தால், பணத்தைத் திரும்ப வாங்கும்போது கடிதம் மேல் கடிதம் எழுத வேண்டிவரும். அங்கே இருக்கும்போதே திருத்திவிடுங்கள். ஓய்வூதியக் காப்பீட்டு எண், சம்பளச் சீட்டுகள், கிளம்பும்போது முகவரியை நீக்கியதற்கான சான்று, மூன்றையும் ஊருக்கு எடுத்து வாருங்கள்.